பாடு தீர்ந்தது என்று ஒரு நோட்டீஸ்

பவித்ரா, நான் கடைசியாக வேலை பார்த்த அச்சகத்தில் பயிற்சிக்கு வந்தவள். இப்போது சிறு கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறாள். சென்ற மாதம் போன் செய்தாள்.

“மேடம், பழவேற்காட்டுல ஒரு வலைக்கடை. ஆன்லைன்ல விக்கணும்னு வெப்சைட் கேக்குறாங்க. முதல் பக்கத்துல, உச்சியில, பெரிய எழுத்துல ‘பாடு தீரவில்லை’ன்னு போடணுமாம். வாங்க வர்றவங்ககிட்ட உங்க கஷ்டம் இன்னும் தீரலைன்னு சொன்னா எவன் மேடம் வாங்குவான்? மாத்திடலாம்னா அவர் உங்களைக் கை காட்டுறார்.”

“என்னையா?”

“‘டீச்சரம்மாவக் கேளு’ங்கறார். நீங்க எப்போ டீச்சரா இருந்தீங்க?”

நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. அந்த வரியைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியது இதுதான்.

எழுபதுகளில் சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவளாகச் சில வருடங்கள் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டதெல்லாம், அச்சில் வந்த எதையும் நம்பாமல் படிப்பது எப்படி என்பதுதான். கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்த பிறகு தணிகாசலம் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரும் பத்திரிகைக்காரர். உதவி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, ‘விளம்பர ஆலோசனை’ என்று பலகை மாட்டியிருந்தார். ‘ஆலோசனை’ என்பதை மட்டும் படித்துவிட்டு வயிற்றுவலிக்காரர்கள் சிலர் படியேறி வருவதுண்டு. அவர்களையும் உட்கார வைத்து மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அரிசி ஆலை, துணிக்கடை, ஓட்டல், டூரிங் தியேட்டர் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ், சுவர் விளம்பரம், சினிமா கொட்டகையில் இடைவேளையில் காட்டும் ஸ்லைடு ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. வாசகம் அவருடையது. எந்த எழுத்து எங்கே, எவ்வளவு பெரிதாக என்பது என்னுடையது.

தணிகாசலம் சார் அச்சுக்கோத்தது போலப் பேசுவார். சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். ஒரு நோட்டீஸுக்கு ஒரே ஒரு ஆச்சரியக்குறிதான் அனுமதி. இரண்டாவது குறியைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, “இவர் யார்?” என்று பக்கத்தில் எழுதுவார். யார் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்பார். என்ன விற்கிறீர்கள்? யாருக்கு? அவர்கள் நேற்று ஏன் வாங்கவில்லை?

மூன்றாவது கேள்வியில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஓட்டல் வைத்திருந்தவர் மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னார்.

“நேத்து கடை லீவு சார்.”

தணிகாசலம் சார் அதைக் குறித்துக்கொண்டார். ஓட்டலின் விளம்பரப் பலகையில் ‘இன்று கடை உண்டு’ என்று எழுத வைத்தார்.

“தெனமும்தான் சார் உண்டு,” என்றார் ஓட்டல்காரர்.

“தினமும் இன்றுதான்,” என்றார் சார்.

லாரி ஓட்டுநர்கள், நாளை இருக்காதோ என்று நிறுத்திச் சாப்பிட்டார்களாம். அதிலிருந்து சாருக்குத் தன் கேள்விகள் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது.

வாசகம் முடிந்ததும் நான் ஒரு தாளை மடித்து டம்மி, அதாவது மாதிரித் தாள், போடுவேன். தலைப்புக்கு முழு எழுத்து, மற்றதற்கெல்லாம் பென்சிலில் அலைக்கோடு. அதை எடுத்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று தூக்கிப் பிடிக்க வேண்டும். சார் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பார். கீழே சைக்கிள் கடைக்காரர் அதைத் தடங்கல் இல்லாமல் படித்து, அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்டுவிட்டால் தேர்வு முடிந்தது. கேள்வி கேட்க வைக்காத தலைப்பு செத்த தலைப்பு என்பது சாரின் சித்தாந்தம்.

கடையின் பெயரை மேலே போட அவர் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். “செய்தித்தாளில் அச்சகத்தின் பெயர் எங்கே வருகிறது? கடைசிப் பக்கத்தின் அடியில். மேலே செய்திதான் வர வேண்டும்.” இன்னொரு பத்திரிகைப் பழக்கமும் அவரிடம் இருந்தது. வெளியாகும் வரை தலைப்பை வெளியாள் யாருக்கும் காட்ட மாட்டார். காசு கொடுக்கும் வாடிக்கையாளரும் அவருக்கு வெளியாள்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பழவேற்காட்டிலிருந்து ஹபீப் பாய் படியேறி வந்தார். பழைய வியாபாரக் குடும்பம். வீடு பெரிது, வியாபாரம் போய்விட்டது. சென்னையில் மாமனாரின் அரிசி மண்டியில் மூட்டைகளுக்குக் காவல் போல உட்கார்ந்திருந்தவர், அதை விட்டுவிட்டு ஊரில் நைலான் வலைக்கடை வைக்கப் போகிறார்.

“இது மட்டும் ஓடலைன்னா சார், மாமா மறுபடி அதே மூட்டை மேல உக்கார வச்சிடுவார். சொல்லியே அனுப்பியிருக்கார், ‘மூட்டைய எவனுக்கும் குடுக்கல, உனக்காகத்தான் வச்சிருக்கேன்’னு.”

“யாருக்கு விற்கப் போகிறீர்கள்?”

“ஏரியில வலை போடுறவங்களுக்கு.”

“அவர்கள் நேற்று ஏன் வாங்கவில்லை?”

“நூல் வலையிலயே பழகிட்டாங்க சார். சாயம் ஏத்தணும், காய வைக்கணும், பொத்தல் தைக்கணும், பெரும்பாடு. அதுலயும் நம்ம பாடு வருதேன்னு விடியக்காலமே ஓடணும். பாட்டுக்கு பாடு இதே பாடுதான்.”

சார் பென்சிலை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஹபீப் பாய் போனதும் சொன்னார்: “கவனித்தீர்களா? ஒரே மூச்சில் எத்தனை ‘பாடு’! துன்பத்துக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் சொல் அது. நாம் அவர்கள் சொல்லிலேயே பேச வேண்டும்.”

தாளில் எழுதினார்: பாடு தீர்ந்தது!

நான் டம்மியைத் தெருவில் தூக்கிப் பிடித்தேன். சைக்கிள் கடைக்காரர் படித்தார். பெருமூச்சு விட்டு, “யாருக்கு?” என்று கேட்டார். ஜன்னலில் சார் தலையசைத்தார். தேர்வு முடிந்தது. தேர்வு எழுதியது மீஞ்சூர்க்காரர் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பக்கத்துத் தெரு அச்சகத்தில் மர எழுத்தில் தலைப்பு கோத்தோம். அடியில் பொடி எழுத்தில் நைலான் வலையின் நன்மைகள். எல்லாவற்றுக்கும் அடியில், இன்னும் பொடியாக, கடையின் பெயரும் திறப்பு விழாவும். திறப்புக்கு முந்தின நாள் மாலை கட்டுக்கட்டாகப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தோம். அவர் வழி நெடுகத் தூவிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை நானும் சாரும் பேருந்தில் போய் இறங்கினோம். கரை முழுக்கப் படகுகள். ஏரியில் ஒன்றுகூட இல்லை. கடை வாசலில் தெரு கொள்ளாத கூட்டம்.

“பார்த்தீர்களா,” என்றார் சார் மெதுவாக. “தலைப்பின் வலிமை.”

கூட்டத்தில் ஒருவர் எங்களைப் பார்த்து, “டீச்சர் வர்றாங்க, வழி விடு,” என்றார். பையோடு பேருந்திலிருந்து இறங்கும் பெண் அந்த ஊரில் டீச்சராகத்தான் இருக்க முடியும். நான் மறுத்துப் பார்த்தேன். “சரி டீச்சர்,” என்றார்கள்.

முன்னால் நின்றவர் எத்திராஜு. அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு ஊர்ப் பெரியவர், எல்லோருக்கும் நைனா. கையில் எங்கள் நோட்டீஸ்.

“பாடு தீந்துச்சின்னு சொன்னது யாரு?”

“அடியேன்தான்,” என்று சார் முன்னால் வந்தார். “இன்றிலிருந்து தீர்ந்தது.”

“யாரக் கேட்டு தீத்தே?”

“யாரையும் கேட்கத் தேவையில்லை. உங்கள் தகப்பனார் பட்ட பாடு, பாட்டனார் பட்ட பாடு, எல்லாம் இன்றோடு முடிந்தது.”

“அடப்பாவி, எங்க நைனா பாட்டையும் சேத்து முடிச்சிட்டான்டா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“எந்தக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தீங்க ஏரிய?” என்றார் எத்திராஜு.

“அத்தக் கேளு மொதல்ல! பேண்டு சட்டைலாம் போட்டுகினு வந்து உதார் உட்றான்.”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் நான் பார்த்தது பயமல்ல, இலக்கணச் சந்தேகம். அந்த நேரத்தில் ஹபீப் பாய் வீட்டிலிருந்து ஓடி வந்தார். ஒரு நோட்டீஸை வாங்கித் தலைப்பை முதல்முறையாகப் படித்தார். கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“சார். இங்க பாடுன்னா கஷ்டம் இல்ல சார்.”

“பிறகு?”

“ஏரியில எறால் ஓடுற எடத்துலதான் வலை கட்டணும். அந்த எடத்துக்கு எல்லாரும் அடிச்சிக்கக் கூடாதுன்னு சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. இன்னிக்கு நீ, நாளைக்கு நான்னு. அந்த எடத்துக்கும் பாடுன்னுதான் பேரு, அந்த முறைக்கும் பாடுன்னுதான் பேரு. அப்பனுக்கு அப்புறம் புள்ளைக்கு வரும். அதத்தான் சார் தீத்துட்டீங்க.”

“நீங்கள்தானே பெரும்பாடு என்றீர்கள்?”

“அது கஷ்டம் சார்.”

“அடுத்தது, ‘பாடு வருதே’ என்றது?”

“அது முறை.”

“பாட்டுக்குப் பாடு இதே பாடு?”

ஹபீப் பாய் விரல் விட்டு எண்ணினார். “முறை, முறை, கஷ்டம்.”

சார் சிவப்புப் பென்சிலை எடுத்து நோட்டீஸில் ‘பாடு’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

விஷயம் புரிந்ததும் எத்திராஜுவின் கோபம் குறையவில்லை, குரல் மட்டும் குறைந்தது. அன்று மாலைதான் அந்தப் பருவத்துக்கு முறை வைக்கும் சீட்டு. சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். சுண்ணாம்புக்குளம் வரைக்கும் நோட்டீஸ் போய்விட்டது.

“பாடே இல்லன்னு அச்சு அடிச்சி குடுத்துட்டீங்க. இதக் கையில வச்சிகினு நாளைக்கு எவனாச்சும் ‘முறையாவது ஒண்ணாவது, நான் போட்ற எடத்துல போடுவேன்’னு எறங்குனா, ஏரியில ரத்தம்தான் ஓடும். சீட்டுக்கு முன்னாடி இத்த மாத்தி அடிச்சி எடுத்துகினு வா. இல்லனா பாய், இந்தக் கரையில உங்கிட்ட ஒரு கண்ணி வலை எவனும் வாங்க மாட்டான்.”

கூட்டத்தின் ஓரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அலமேலு என்ற பெண். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பவர்கள் அவர்கள். சீட்டில் அவர்களுக்கு இடம் கிடையாது.

“எங்களுக்கு இந்தப் பாடு என்னிக்கி இருந்துச்சு, இன்னிக்குத் தீர்றதுக்கு?” என்றாள். “நாங்க தெனம் படுற அந்தப் பாடு தீந்தா டீச்சர், எனக்கு மட்டும் தனியா ஒரு நோட்டீஸ் அடிச்சிக் குடு.”

“நீ சும்மா கெட,” என்றார் எத்திராஜு. ஆனால் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்ததால்தான் எங்களால் மூச்சு விட முடிந்தது.

மீஞ்சூர் போய்த் திரும்பப் பேருந்து உதவாது. ஆனால் ஹபீப் பாயின் மாமனார் திறப்பு விழாவுக்காகச் சென்னையிலிருந்து அம்பாசிடர் காரில் வந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்குள் ஆட்டுக்கால் பாயாவோடு உட்கார வைத்திருந்தார்கள். கடை வாசலில் நடப்பது தகராறு என்று அவருக்குத் தெரியாது.

“மாமா, இனிப்பு எடுத்தாரணும், கார் ஜல்தியா வேணும்,” என்று ஹபீப் பாய் உள்ளே போய்ச் சொல்வது கேட்டது.

“இவ்ளோ கூட்டமா வந்திருக்கு! எடுத்துட்டுப் போ மாப்ளே!”

எத்திராஜு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். “டீச்சர் போய்ட்டு வரட்டும். அய்யா இங்கியே இருக்கட்டும். டீ சாப்டட்டும்.” சார் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் துடுப்போடு இரண்டு பேர் நின்றார்கள். அவர் என்னை அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். அவ்வளவு நேரத்தில் திருத்தம் எழுதி முடித்திருந்தார். “முந்தைய அறிவிப்பில் ‘பாடு’ எனும் சொல் துன்பம் எனும் பொருளில் ஆளப்பட்டது. அது ஏரியின் மரபுவழி முறையைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டமைக்கு வருந்துகிறோம்…”

“ஒரு விஷயம்,” என்றார். “தவறு எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வெளியானதோ, திருத்தமும் அதே இடத்தில், அதே அளவில் வர வேண்டும். இதைச் சொல்லித்தான் நான் பத்திரிகையை விட்டு வந்தேன். மூலையில் ஒளிக்காதீர்கள்.”

துடுப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைச் சொன்னால் மீற முடியாது.

மீஞ்சூர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் பெருமாள். தாளைப் பார்த்தார். “சின்ன எழுத்துல எவ்ளோ வேணா கோத்துத் தர்றேன்மா. தலைப்பு?”

“‘ஏரியின் முறை தொடரும்’னு வைக்கலாம்.”

“மரத்துல ‘ஏ’ இல்ல. இருந்தத எலி தின்னுடுச்சி. ‘றை’க்கு கால் ஒடஞ்சி கெடக்கு.”

“‘பாடு உண்டு’?”

“‘ண்’ தேர்தல் போஸ்டருக்குப் போயிருக்கு. வரல.”

நேற்றைய தலைப்பு பிரிக்கப்படாமல் கட்டியபடியே மேசையில் இருந்தது. பாடு தீர்ந்தது. அதில் முன்பாதியைத் தொடாமல் பின்பாதியை மட்டும் கழற்றினால் போதும். ‘ர’, ‘வி’, ‘ல்’ இருந்தன. ‘லை’ பழைய காலத்துத் தும்பிக்கை வைத்த எழுத்தாக ஒன்றே ஒன்று இருந்தது. பெருமாள் ஆச்சரியக்குறியை எடுத்துக் காட்டி, “இது வேணுமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

பாடு தீரவில்லை.

தலைப்பின் அடியில் சாரின் திருத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் கடைப் பெயர். மை காய்வதற்குள் காரின் பின்சீட்டில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இனிப்பு வாங்க மறந்துவிட்டோம்.

ஹபீப் பாய்தான் முதலில் படித்தார். அவருடைய முகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி எத்திராஜுவைப் பார்த்தது. இன்னொரு பாதி வீட்டு வாசலைப் பார்த்தது.

“டீச்சர்,” என்றார். அவரும் டீச்சர் என்று ஆரம்பித்துவிட்டார். “இவங்களுக்கு இது சரி. மாமாவுக்கு? கட தொறக்குற அன்னிக்கு ‘கஷ்டம் தீரல’ன்னு அடிச்சிக் குடுத்தா, கார்ல என்னையும் ஏத்திகினுதான் போவாரு.”

“ரெண்டுல ஒருத்தர்தான் பாய் வலை வாங்கப் போறவங்க,” என்றேன்.

அவர் கட்டைத் தலைக்கு மேல் தூக்கி எத்திராஜுவிடம் கொடுத்தார்.

எத்திராஜு தாளை என்னிடம் நீட்டினார். “நீயே படி டீச்சர். எல்லாருக்கும் கேக்கணும்.”

படியில் ஏறி நின்று படித்தேன். “பாடு தீரவில்லை.”

“தீரலியா?”

“தீரல.”

“இன்னொரு தபா.”

“பாடு தீரல!” என்று பேச்சுத் தமிழில் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் படித்த எதற்கும் அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. துடுப்புக்காரர்கள் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஓரத்திலிருந்து அலமேலு, “அத்தத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்,” என்றாள்.

சத்தம் கேட்டு மாமனார் வெளியே வந்தார். தாளைக் கையில் வாங்கி, தூரத்தில் வைத்து, பக்கத்தில் வைத்துப் படித்தார். தலைப்பைப் படித்தார், அடியில் கடைப் பெயரைப் படித்தார். நடுவில் இருந்ததை எல்லோரையும் போல அவரும் படிக்கவில்லை.

“மாப்ளே,” என்றார். “இன்னா இது?”

ஹபீப் பாய் வாயைத் திறப்பதற்குள் எத்திராஜு குறுக்கே வந்தார். “நல்ல வார்த்தை போட்டுக்கிறாரு பாய் ஒங்க மருமவரு. இந்த ஊர்ல எந்தக் கடக்காரனும் இத்த அச்சுல போட்டதில்ல. இன்னிக்கு சீட்டு இவரு கட வாசல்லதான்.”

அப்படியே நடந்தது. அன்று மாலை அந்தக் கடை வாசலில்தான் சீட்டுப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் முறை தீரவில்லை என்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு, திரும்பும்போது உள்ளே போய் நைலான் வலையைத் தடவிப் பார்த்தார்கள். இழுத்தும் பார்த்தார்கள். ஒருவர் பல்லால் கடித்தே பார்த்தார். மாமனார் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். போகும்போது சொன்னது எனக்குக் கேட்டது. “கஷ்டம் தீரலன்னு ஒருத்தன் உண்மையச் சொல்லி யாவாரம் பண்ணி இப்பத்தான் மாப்ளே பாக்குறேன். மூட்ட மேல வேற ஆள வச்சிக்கிறேன்.” அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் சார் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “மூன்றாவது கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டேன்,” என்றார். அலமேலுவிடம்தான். நாற்காலியில் பிணையாக இருந்த நேரத்திலும் ஆலோசனை நடந்திருக்கிறது. “நீங்கள் நேற்று ஏன் எதுவும் வாங்கவில்லை என்று கேட்டேன். ‘நேத்து எவன் கேட்டான்?’ என்கிறாள்.” அடுத்த வாரம் ஹபீப் பாய்க்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். வலைகளுக்குப் பக்கத்தில் பறிகளும் தொங்க ஆரம்பித்தன. அலமேலு ஒன்றை வாங்கி, இந்தப் பறி கடித்தால் பல் வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே வருடக்கணக்காக வாங்கினாளாம்.

அதற்குப் பிறகு சார் நான்காவதாக ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். “இந்தச் சொல்லுக்கு உங்கள் ஊரில் வேறு பொருள் உண்டா?” சைக்கிள் கடைக்காரரின் தேர்வு வேலை பறிபோனது. டம்மியை அந்தந்த ஊருக்கே எடுத்துப் போய்த் தூக்கிப் பிடித்தேன். போன இடத்திலெல்லாம் என்னை டீச்சர் என்றார்கள்.

அந்த வரியைக் கடைப் பலகையிலும் எழுதிவிட்டார் ஹபீப் பாய். வலை வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று, “தீரலியே பாய்?” என்பார்கள். “தீரல, உள்ள வா,” என்பார் அவர். வணக்கத்துக்குப் பதில் அதுதான் அங்கே.

இதையெல்லாம் எழுதிப் பவித்ராவுக்கு அனுப்பினேன். அவள் தலைப்பை உச்சியில் வைத்தாள். கடைப் பெயரை மட்டும் அடியில் தள்ள மறுத்துவிட்டாள். கூகுளில் கிடைக்காதாம். சாராக இருந்தால் சண்டை போட்டிருப்பார். நான் விட்டுக்கொடுத்தேன்.

தளம் திறந்த அன்று மறுபடி போன் செய்தாள். “மேடம், முதல் மெசேஜ் வந்திருக்கு. சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து. பேர் இல்ல, ஆர்டர் இல்ல, ‘தீரலியே?’ன்னு ஒரே வார்த்தை. யாரோ விளையாடுறாங்க, அழிச்சிடவா?”

“அழிக்காத,” என்றேன். “‘தீரல, உள்ள வா’ன்னு பதில் போடு.”

போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆர்டர் வந்ததாம்.